விற்காமல் போன பார்க்

ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஒரு வளைவு திரும்பியதும் மரங்களுக்கு மேலே ஒரு ராட்டினம் தெரியும். இப்போது அது சுற்றுவதில்லை. சுற்றிய காலத்தில் அதைச் சுற்றவைத்தவள் பாஞ்சாலை. அவள் கதையைத்தான் சொல்லப்போகிறேன். பேப்பரில் படம் வந்தவள் இல்லை, மேடையில் மாலை வாங்கியவள் இல்லை. நான் சகிலா, வாணியம்பாடிக்காரி. அந்தப் பார்க்கில் கேன்டீன் எடுத்து நடத்தினேன். அவளுக்குத் தினமும் டீ ஊற்றிக்கொடுத்தவள் என்கிற உரிமை ஒன்றுதான் எனக்கு உண்டு. அது போதும்.

பார்க்குக்குப் பேர் கும்மாளம். நாலு ஊரில் நாலு கும்மாளம் இருந்தது. எல்லாவற்றுக்கும் முதலாளி மஜீத் பாய். எங்கள் ஊரில் தோல் ஏற்றுமதி செய்து சம்பாதித்தவர். பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்தால் மனசு நிறையுது என்பார். தோலில் அந்த நிறைவு கிடைக்கவில்லையோ என்னவோ, வாணியம்பாடி அடிவாரத்தில் முதல் பார்க்கைக் கட்டினார். அப்புறம் கிருஷ்ணகிரியில் ஒன்று, வேலூர் பைபாஸில் ஒன்று, கடைசியாக மலைமேல் எங்களுடையது. மற்ற மூன்றிலும் தண்ணீர் சறுக்கு, அலைக்குளம் என்று தடபுடல். எங்களிடம் ராட்டினம், கொலம்பஸ் கப்பல், சுற்றுகிற பொம்மைக் குதிரைகள், கொஞ்சம் ஊஞ்சல், நிறைய குளிர். அருவி பார்க்க வருகிறவர்களும், காவலூரில் பெரிய தொலைநோக்கியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களும் வண்டியை நிறுத்தி ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போவார்கள். அந்த உயரத்திலிருந்து மலை முழுக்கத் தெரியும். அதற்காகவே வருகிறவர்களும் இருந்தார்கள்.

நோய் வந்து ஊரெல்லாம் பூட்டிக்கிடந்தபோது நாலு பார்க்கும் பூட்டிக்கிடந்தது. திறந்த பிறகு பழைய கூட்டம் வரவில்லை. பேங்க்காரர்கள் மட்டும் தவறாமல் வந்தார்கள்.

பாஞ்சாலை பிறந்தது நெல்லிவாசல் பக்கம். இங்கே ரங்கனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சாமையும் கேழ்வரகும் போடுகிற கொல்லை, ஒரு ஜோடி மாடு, நாலு புளியமரம். பார்க் கட்டும்போது ஜல்லி சுமக்க வந்தாள். ராட்டினத்தைப் பூட்டி நிறுத்த வந்த மெக்கானிக்குக்குக் கூடமாட ஒத்தாசைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆம்பிளைகள் எல்லாம் அந்த இரும்பை அண்ணாந்து பார்த்துவிட்டு ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். இவள் போய் நின்றாள். மெக்கானிக் போகும்போது லீவரை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அப்படியே அவள் வேலையாகிவிட்டது.

அதிகம் பேசமாட்டாள். "கைய உள்ள வெய்யி", "கம்பிய சாத்து", "எழுந்து நிக்காத" இந்த மூன்றைத் தவிர சவாரிக்காரர்களிடம் அவள் வேறெதுவும் பேசி நான் கேட்டதில்லை. மேனேஜர் ஜீவானந்தம், திருப்பத்தூர்க்காரர், பேச்சுக்கு அலுக்காதவர், "உங்க வாயிக்கு என்னக்கா பூட்டா?" என்று கிண்டல் பண்ணுவார். அவள் லீவரைப் பார்த்துக்கொண்டே சிரிப்பாள். அவ்வளவுதான் அவளிடமிருந்து கிடைக்கும்.

ஒரு மாசி மாதம் புளி உலுக்க மரத்தில் ஏறிய ரங்கன் கிளை முறிந்து விழுந்தார். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிர் வந்தது, இடுப்புக்குக் கீழே திரும்பவில்லை. கை நன்றாக இருக்கிறது, பேச்சு நன்றாக இருக்கிறது, மூளை எங்கள் எல்லோரையும்விட நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே பக்கமாகப் படுத்துக்கிடந்தால் தோல் அழுகிவிடும், சில மணிக்கு ஒருதரம் புரட்டிப்போட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த வேலையை எடுத்துக்கொண்டவள் பாஞ்சாலை. வீடு பார்க்குக்குப் பின்னால் சரிவில். கூட்டம் ஓய்கிற நேரமெல்லாம் ஓடிப்போய்ப் புரட்டிவிட்டு வருவாள். ஜீவானந்தம் கண்டுகொள்ளமாட்டார். வாய்தான் அவருக்கு ஓயாதே தவிர, மனுஷர் நல்லவர்.

நடுவில் ரங்கனுக்கு ஏதாவது வேண்டுமென்றால்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ரங்கன் ஒரு கழியில் சிவப்புத் துண்டைக் கட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். லீவர் பக்கத்தில் நிற்கிற பாஞ்சாலைக்கு அது தெரியாது. உச்சிக்குப் போனவர்களுக்குத் தெரியும். அதனால் ஏறுகிறவர்களிடம் நான் சொல்லிவைப்பேன்: "மேல போனா பின்னாடி ஒரு ஓட்டு வூடு தெரியும், செவப்பா எதாச்சும் தொங்குதா பாத்துச் சொல்லுங்க." விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு பெங்களூர்ப் பிள்ளைகள் உச்சியிலிருந்து கத்தும்: "ஆன்ட்டி, ரெட் இருக்கு!" பாஞ்சாலை அந்தச் சுற்றை முடித்து, ஆளை இறக்கிவிட்டு ஓடுவாள். மலையில் எத்தனை பேர் அவள் புருஷனைப் பார்த்துக்கொண்டார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

ஆகவே அந்த வேலை அவளுக்கு வெறும் வேலை இல்லை. வேறு வேலை கிடைக்காமலா? அடிவாரத்தில் ஷூ கம்பெனிக்காரர்கள் மலைக்கு வேன் அனுப்பி ஆள் எடுக்கிறார்கள். திங்கட்கிழமை போனால் ஹாஸ்டலில் தங்கி சனிக்கிழமைதான் வரமுடியும். சம்பளம் இதைவிட அதிகம். ஆனால் ரங்கனை யார் புரட்டுவது? பார்க் இருந்தால் ரங்கன் நன்றாக இருப்பார், பார்க் போனால் இருக்கமாட்டார். அவளுடைய பிரச்சினை இவ்வளவு சின்னது.

போன வருஷம் பொங்கல் முடிந்ததும் ஜீவானந்தம் கேன்டீனில் வந்து உட்கார்ந்தார். டீ கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம்.

"நாலுல ரெண்டை விக்கப் போறாங்களாம்" என்றார். "ரெண்டை வெச்சிப்பாங்களாம். எது எதுன்னு பாய் இன்னும் முடிவு பண்ணலையாம். சபாம்மா நாலு எடத்துக்கும் வந்து பாக்கப் போறாங்க. கூடவே வாங்குற பார்ட்டியும் வருமாம்."

சபா, மஜீத் பாயின் மகள். படித்த பெண். தகப்பன் ஆசையில் செய்ததையெல்லாம் இப்போது அவள்தான் அறிவில் சரிபண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து கேன்டீனில் இதே பேச்சு. அடிவாரப் பார்க்கை விற்கமாட்டார், அது அவருடைய முதல் பிள்ளை மாதிரி என்றார்கள். வேலூர் பைபாஸில்தான் வருமானம், அதை விற்க அவருக்குப் பைத்தியமா என்றார்கள். கிருஷ்ணகிரியில் அலைக்குளம் ஒழுகுகிறது, அதை எவன் வாங்குவான் என்றார்கள். எங்களுடையதைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. கொலம்பஸ் ஓட்டுகிற பூவரசன் மட்டும், "நம்மளத வித்தா நம்மளயும் சேர்த்து விப்பாங்களா?" என்று கேட்டான்.

மறுநாள் மத்தியானம் நானும் பாஞ்சாலையோடு அவள் வீட்டுக்குப் போனேன். ரங்கனைக் குளிப்பாட்டுகிற நாள். இரண்டு ஆள் வேண்டும். முதுகைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் என்னைக் கேட்டார்.

"இன்னா பாயம்மா, பார்க்க விக்கப் போறாங்களாமே?"

"ரெண்டு விக்கிறாங்களாம்ணா. எதுன்னு தெரியலியாம்."

"இதுல தெரியாம இன்னா கீது?" என்றார். "கஷ்டம் வந்தா மனுசன் எத்த விப்பான்? நல்லதத்தான் விப்பான். நொண்டிய எவன் வாங்குவான்? நான் வுழுந்தப்ப நாங்க எத்த வித்தோம்? ஏ பாஞ்சால, சொல்லு."

"செவலைய" என்றாள் அவள். ஜோடியில் அதுதான் நல்ல மாடு.

"செவலைய. மயிலைய வாங்க ஒருத்தனும் வர்ல. அது இங்கயே கெடந்து செத்துச்சி. அப்ப மொதலாளியும் நல்லதத்தான் விப்பாரு. நம்ம பார்க்கு நல்லதாத் தெரிஞ்சா நம்மளதுதான் போவும்." கையை உயர்த்தினார். "வாங்குறவன் வர்ற அன்னிக்கு நல்ல மாட்ட பின்னாடி கட்டிடணும்."

எனக்குப் புரியவில்லை. பாஞ்சாலைதான் விளக்கினாள். அவர்கள் ஊரில் ஒரு வழக்கமாம். மாடு பார்க்க வருகிறவன் வாசலில் நின்று, மாட்டின் முதுகில் கையை வைத்து "குடுக்கிறியா?" என்று கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்லக்கூடாது. சொன்னால் அந்த மாடு தங்காது, இளைத்துப்போகும். அதனால் கொடுக்க மனசில்லாத மாட்டைக் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். அதைக் காட்டோரமாகக் கட்டிவிட்டு, நோஞ்சானைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார்கள். அதன் குற்றத்தையும் தாங்களே எடுத்துச் சொல்லிவிடுவார்கள். இது பல் போனது, இது பாரம் கண்டால் படுத்துக்கும் என்று. வந்தவன் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவான்.

"நல்லா கீதே உங்க நியாயம்" என்றேன். "எங்க கடைவீதியில வாடினதக்கூடத் தண்ணி தெளிச்சி முன்னாடி வெப்போம். நல்லாக் காட்டுனாத்தான மதிப்பு?"

"நீங்க விக்கிறதுக்குக் கடை வெச்சிகிறீங்க பாயம்மா" என்றாள் பாஞ்சாலை. "நாங்க விக்காம இருக்கத்தான பாக்குறோம்."

மஜீத் பாய் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசியவர் ரங்கன் ஒருவர்தான். படுத்த படுக்கையில் இருந்து அவர் அவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எந்தெந்தக் குற்றத்தைச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். காற்றைச் சொல்லு, பனியைச் சொல்லு, மழையைச் சொல்லு. பாஞ்சாலை அவரைப் புரட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

மாசி பிறந்து சில நாளில் அவர்கள் வந்தார்கள். அன்று ஜீவானந்தம் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி மாளாது. விடியற்காலையிலேயே வந்து கொடி கட்டினார். குதிரைகளுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னார். போளூரில் இரண்டு பள்ளிக்கூடத்தில் பேசி, பிள்ளைகளைப் பஸ்ஸில் வரவழைத்திருந்தார். கூட்டம் தெரியவேண்டுமாம். பாவம், அவர் கணக்கு அப்படி.

சரியாக அவர்கள் கார் நுழைகிற நேரத்துக்குப் பாஞ்சாலை லீவரை விட்டு இறங்கி வந்தாள்.

"பல்சக்கரத்துல சத்தம் வருது சார். ஆள ஏத்த முடியாது."

"என்னக்கா சொல்றீங்க? நேத்து நல்லாத்தான ஓடுச்சி?"

"நேத்து ஓடுச்சி."

ராட்டினத்தில் ஆள் ஏற்றலாமா கூடாதா என்பதில் ஓட்டுகிறவள் சொல்தான் கடைசிச் சொல். அது மஜீத் பாயே போட்ட சட்டம். ஜீவானந்தம் தலையில் கைவைத்துக்கொண்டு கொலம்பஸ் பக்கம் ஓடினார். அங்கே பூவரசன் பெல்ட் நழுவுகிறது என்று கப்பலுக்கடியில் படுத்திருந்தான். அவனும் பாஞ்சாலை ஊர்க்காரன். இப்படி ஒவ்வொன்றாக நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் குதிரையில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, அருவிக்குப் போகலாம் சார் என்று வாத்தியாரைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டன.

சபாவோடு வந்தவர் பேர் அருணகிரி. பெங்களூரில் ஓட்டல்கள் வைத்திருக்கிறவராம். பொறுமையான மனுஷராகத் தெரிந்தார். ராட்டினத்துக்குக் கீழே வந்து நின்று, கையைத் தூக்கி அதன் காலை ஒரு தட்டுத் தட்டினார். மாட்டைத் தட்டுகிற மாதிரியேதான். நான் கேன்டீன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயே திறக்காத பாஞ்சாலை அன்று வாயைத் திறந்தாள்.

"காத்து அடிச்சா முனகும்ங்க. பனிக் காலத்துல கரண்டே நிக்காதுங்க. மழயில துரு ஏறுது, எவ்ளோ பெயின்ட் அடிச்சாலும் உரிஞ்சிடுதுங்க. மேல போனவங்க பயந்து அழுவுறாங்க."

அருணகிரி அவளையே பார்த்தார். "எத்தனை வருஷமாம்மா ஓட்டுறீங்க?"

"மொதல்லருந்தேங்க."

"இதை நீங்க ஓட்டுறீங்க. நீங்களே இப்படிச் சொல்றீங்க."

"கீறதச் சொல்றேங்க" என்றாள்.

சபாவின் முகம் சுருங்கிப்போனது. காரில் ஏறும்போது அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஜீவானந்தம் அன்று பகல் முழுக்க எங்களோடு பேசவில்லை. அவர் பேசாமலிருந்து நான் பார்த்த ஒரே நாள் அது. பாஞ்சாலை சாயங்காலம் ராட்டினத்தை ஆளில்லாமல் ஒருதரம் சுற்றவிட்டுப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் சுற்றியது.

சித்திரை வாக்கில் சேதி வந்தது. வேலூர் பைபாஸும் கிருஷ்ணகிரியும் விற்றாகிவிட்டது. இரண்டையும் ஒரே கம்பெனி வாங்கிக்கொண்டது. அடிவாரப் பார்க்கையும் எங்களுடையதையும் மஜீத் பாய் வைத்துக்கொண்டார்.

ரங்கன் சொன்னது அப்படியே நடந்திருந்தது. ஒழுகுகிற கிருஷ்ணகிரியை மறந்துவிட்டுப் பார்த்தால், நல்லது போனது, நோஞ்சான் நின்றது. சேதி கேட்டதும் பார்க்கில் வேலைசெய்கிற மலைக்காரர்கள் எல்லோரும் வேலை முடிந்து நேரே அந்த ஓட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் ஒரு தேக்சா குஸ்கா செய்து எடுத்துக்கொண்டு போனேன். ரங்கனைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு ஆள் வருவது என்றால் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டிப் போகத்தான். அன்று யோசனை கேட்க வந்த மாதிரி எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். செவலை மாட்டுக் கதையை அவர் மறுபடி மறுபடி சொன்னார். பூவரசன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பாஞ்சாலை அடுப்படி ஓரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சந்தோஷமாக இருந்தாள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

அப்புறம் நடந்ததற்குத் தேதி போட முடியாது. ஒரு நாளில் நடக்கவில்லை. விற்ற பணம் முழுக்க பேங்குக்குப் போய்விட்டது என்றார்கள். முதலில் ஜெனரேட்டருக்கு டீசல் வரவில்லை. அப்புறம் கொலம்பஸுக்கு பெல்ட் நிஜமாகவே அறுந்தது, புதுசு வரவில்லை. ஜீவானந்தத்தை வேலூரில் வாங்கின கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டார்கள். போகும்போது அழுதார். மழைக்காலத்தில் ஒரு நாள் கரண்ட்காரர்கள் வந்து ஒயரைக் கழற்றிவிட்டுப் போனார்கள். அன்றோடு ராட்டினம் நின்றது. கேட்டில் பூட்டுப் போட்டார்கள். யாரையும் வேலையை விட்டு நிற்கச் சொல்லவில்லை. பார்க்கை மூடிவிட்டதாகவும் சொல்லவில்லை. வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நானும் கேன்டீனை எடுத்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லிக் கடை போட்டேன். ஒருவர் ஒருவராக மற்றவர்களும் கலைந்தார்கள். பூவரசன் கேரளாவுக்கு மிளகுத் தோட்டத்துக்குப் போய்விட்டான். பாஞ்சாலை மட்டும் தினமும் போனாள். வேலியில் ஒரு சந்து வழியாக நுழைந்து, லீவரைத் துடைத்துவிட்டு, அந்த மேடையில் உட்கார்ந்திருப்பாள். மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் புரட்டிவிட்டு மறுபடி வருவாள். சம்பளம் கிடையாது. கொல்லையில் விளைந்த சாமையை வைத்துச் சமாளித்தாள். ஏன்டி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒருதரம் கேட்டேன். "வூட்ல இருந்தா அவரு கேப்பாரு" என்றாள். பார்க்கில் கொஞ்ச நாளைக்கு வேலை மந்தம் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தாள்.

தை மாதம், விட்டுப்போன என் அண்டாக்களை எடுக்கப் போயிருந்தேன். அன்றைக்குத்தான் சபாவும் வந்திருந்தாள், ஆபீஸிலிருந்த கம்ப்யூட்டரை எடுத்துப்போக. ராட்டினத்தடியில் பாஞ்சாலையைப் பார்த்துத் திகைத்துப்போய் நின்றுவிட்டாள்.

"அக்கா, இன்னும் வர்றீங்களா?"

"நிக்கச் சொல்லலியேம்மா."

சபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பெண். பக்கத்தில் அந்த மேடையிலேயே உட்கார்ந்துகொண்டாள். யாரிடமாவது சொல்லவேண்டும் என்று ரொம்ப நாளாக வைத்திருந்த மாதிரிப் பேசினாள்.

"அக்கா, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. அருணகிரி சார் முதல்ல கேட்டதே இதைத்தான். நாலுல எனக்கு மலைப் பார்க் மட்டும் போதும்னாரு. பக்கத்துல ஓட்டல் கட்டி, இதையும் பெருசாக்கி நடத்துறேன்னாரு. ஆளுங்க யாரையும் மாத்தமாட்டேன்னு ஒத்துக்கிட்டாரு. அப்பா அந்த ஒண்ணுல மட்டும் கறாரா இருந்தாங்க. சும்மா ஒரு தடவ கண்ணால பாத்துட்டு முடிச்சிடலாம்னுதான் அன்னிக்குக் கூட்டிட்டு வந்தேன். பாத்தா எல்லாமே பழுது. எங்க கெட்ட நேரம். வேற ஒண்ணுமில்ல."

பாஞ்சாலை லீவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆளுங்கள வெச்சிக்கிறேன்னாரா?"

"ஆமாக்கா. வேலூர்ல, கிருஷ்ணகிரியில எல்லாரும் அப்படியேதான் இருக்காங்க. இது விக்காததால வருமானம் வந்த வேலூரையே விக்கவேண்டியதாயிடுச்சு, அப்பாவால இதையும் நடத்த முடியல. அங்க அடிவாரத்துல ஞாயித்துக்கிழமை மட்டும் திறக்கிறோம், அதுவும் ஒரு பேருக்கு."

எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. சபா மேல் இல்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. ரங்கன் மேலா? விலைக்குப் போன செவலை எங்கேயோ ஒரு கொட்டிலில் தின்று கொழுத்திருக்கும். அவர்களிடம் நின்ற மயிலைதான் செத்தது என்று அவர் வாயாலேயே சொன்னாரே, அதில் பாதியைத்தானே நாங்கள் எல்லோரும் கேட்டோம் என்று தோன்றியது. பாஞ்சாலை முகத்தைப் பார்த்தேன். அதில் ஆத்திரமும் இல்லை, அழுகையும் இல்லை. சபா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்திருப்பது இவளுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை.

கார் போன பிறகு சரிவில் இறங்கினோம். பாதியில் நின்றாள்.

"அவருகிட்ட சொல்லாதீங்க பாயம்மா."

அவ்வளவுதான். அதற்குமேல் அன்றும் பேசவில்லை, இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ரங்கன் கேட்டார். "காரு சத்தம் கேட்டுச்சே. யாரு?"

"சபாம்மா" என்றாள். அவர் தோளுக்கடியில் கையைக் கொடுத்துப் புரட்டத் தொடங்கினாள்.

"இன்னா சொன்னாங்க?"

"பார்க்கு நம்மளுதுதானாம். யாருக்கும் குடுக்கலியாம்."

"பாத்தியா" என்றார். முகம் அப்படி மலர்ந்தது. "அன்னிக்கு மட்டும் நல்ல மாட்டக் காட்டியிருந்தா?"

"போயிருக்கும்" என்றாள் பாஞ்சாலை. போர்வையை இழுத்துவிட்டாள். அதே குரலில் தொடர்ந்தாள்: "என்னக் கீழ அடிவாரப் பார்க்குக்கு வரச் சொல்றாங்க. அங்க ஆளு பத்தலியாம். இது தொறக்கிற வரிக்கும் அங்கியே தங்கிப் பாக்கணும். சனிக்கெழம சனிக்கெழம வந்துடுவேன்."

நான் அவளையே பார்த்தேன். இதை எப்போது யோசித்தாள் என்று தெரியவில்லை. சரிவில் இறங்குகிற அந்தக் கொஞ்ச தூரத்தில் யோசித்திருக்கவேண்டும். ரங்கன், "போவத்தான் வேணும். கூப்டா போவணும்" என்றார். அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஷூ கம்பெனி வேனில் ஏறினாள். ஒரு பை, ஒரு போர்வை. அங்கே அடிப்பாகத்துக்குப் பசை தடவுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். பசை நாற்றத்தில் முதல் வாரம் சோறு இறங்கவில்லையாம். இப்போது பழகிவிட்டது என்கிறாள். சம்பளத்தில் ரங்கனுக்கு மருந்தும் அரிசியும் வாங்கி வருகிறாள். சனிக்கிழமை வந்தால் முதலில் என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவரைக் குளிப்பாட்டுகிறாள். கைக்கு எப்படிப் பசை வந்தது என்று அவர் ஒருநாள் கேட்டாராம். ஊஞ்சலுக்கு ரெக்சின் ஒட்டினேன் என்றாளாம்.

வார நாட்களில் காலையிலும் சாயங்காலமும் அவர் தம்பி பெண்டாட்டி ஈஸ்வரி வந்து புரட்டுகிறாள். அவளுக்கும் கொல்லை வேலை இருக்கிறது, குழந்தைகள் இருக்கின்றன. மத்தியானம் கடையில் ஆள் ஓய்ந்ததும் நான் பஸ் ஏறிப் போகிறேன். பஸ் வராத நாளில் நேரமாகிவிடும். போன வாரம் அவர் இடுப்புக்குக் கீழே ஒரு புண் கண்டிருந்தது. உள்ளங்கை அகலம். அவருக்கு வலி தெரியாது, அதனால் அவருக்குத் தெரியாது. மருந்து வைத்துக் கட்டினேன். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சனிக்கிழமை பாஞ்சாலை வந்து அவளே பார்ப்பாள்.

கட்டி முடித்ததும் ரங்கன் என்னைக் கூப்பிட்டார்.

"பாயம்மா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான்தான் யோசன சொன்னேன்னு மொதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியும்ணா" என்றேன். "சபாம்மாவே என்கிட்ட சொன்னாங்க. ரங்கன் இல்லன்னா அந்தப் பார்க்கு என்னிக்கோ கைமாறிப் போயிருக்கும்னாங்க."

அவர் சிரித்தார். நான் அவரை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தேன்.